மாவு மண்

என் மூக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது செத்துப் பல வருஷம் ஆகிறது. இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற ரோட்டில் உள்ள இரும்பு வார்ப்படக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வாசல் கேட்டில் உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டியை எழுதிக்கொண்டிருக்கிற ஆள் நான். பெயர் அழகுமலை. ரசம் தாளித்தாலும் எனக்குத் தெரியாது, பக்கத்தில் எலி செத்துக் கிடந்தாலும் தெரியாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேஸ் கசிந்தால் முதலில் சத்தம் கொடுக்க வேண்டியவன் கேட்டுக்காரன். மூக்கு இல்லாதவனை அந்த நாற்காலியில் வைத்திருப்பார்களா?

உதயசூரியன் எங்கள் தெரு. முறைக்கு எனக்கு மகன். அவன் அந்தக் கம்பெனியில் ரீக்ளைம் மெஷின் ஓட்டுகிறான். வெளியாளுக்கு அது என்னவென்று சொன்னால்தான் விளங்கும். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு மணலில்தான் அச்சுப் பிடிப்பார்கள். வெறும் மணல் நிற்காது, ரெசின் என்கிற பசையைக் கலந்தால் கல் மாதிரி நிற்கும். இரும்பு ஆறியதும் அச்சை உடைத்து, அந்த மணலை நொறுக்கிச் சலித்து, வறுத்து, பசையை எரித்து, மறுபடியும் அச்சுக்குக் கொடுக்கிற மெஷின்தான் ரீக்ளைம். மூன்று மாடி உயரம் இருக்கும். புகையும் தூசியும் பெரிய குழாய் வழியாகப் போய் துணிப் பைகளில் வடிகட்டப்படும். பைகளுக்கு அடியில் வந்து விழுவதை மணல் என்றுகூடச் சொல்ல முடியாது, கேப்பை மாவு மாதிரி நைசாக, கருப்பாக இருக்கும். நாங்கள் அதை மாவு மண் என்போம்.

அந்த மெஷினுக்கு ஒரு வாடை உண்டு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற லோஷனை ஊற்றி ரப்பர் செருப்பை வறுத்தால் எப்படி இருக்குமோ அப்படி என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். ஒரு மாசத்தில் பழகிவிடும். பழகாமல் போனது உதயன் பெண்டாட்டி திலகவதிக்குத்தான்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் ஒன்று தங்கி மூன்றாம் மாசமே போய்விட்டது. இது ஆடியில் உண்டானது. புது வீட்டில் பால் காய்ச்சி மூன்று மாசம்கூட ஆகவில்லை, வீடு ராசியான வீடு என்று தெருவே சொன்னது. ஐப்பசி மழை பிடித்ததும் அவளுக்குச் சோறு இறங்குவது நின்றுபோனது. மசக்கை என்றார்கள். மசக்கைக்காரிக்குப் புளி கேட்கும், சாம்பல் கேட்கும். இவள் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, "ரீக்ளைம் வந்துருச்சு, ரீக்ளைம் வந்துருச்சு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உதயன் தன் உடம்பைத்தான் சந்தேகப்பட்டான். ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்குப் பின்னால் இருக்கிற குழாயில் உட்கார்ந்து சீயக்காய் போட்டுத் தேய்ப்பான். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கக்கத்தில் தேய்ப்பான். வேலை உடுப்பை என் அறையிலேயே மாட்டிவிட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பான்.

"சித்தப்பா, வருதா பாருங்க."

நான் குனிந்து மோந்து பார்ப்பேன். "இல்லடா. எலுமிச்ச வாசம்தான் வருது."

"நெசமாவா? எனக்கு நாளெல்லாம் அந்த மெஷினு வாடையே மூக்குல நிக்கிது. எது எங்கேருந்து வருதுன்னே தெரியல."

"இல்லங்கிறேன்ல. வீட்டுக்குப் போ."

எலுமிச்சம்பழத்தை அவன் அறுத்ததைப் பார்த்தேன், அதனால் சொன்னேன். இப்படித்தான் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறேன்.

ஒரு நாள் நானும் அவனோடு வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா இருளாயி, எனக்கு மதினி, மிளகு ரசம் வைத்துக் குழையக் கரைத்த சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு மருமகள் முன்னால் உட்கார்ந்திருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. திலகவதியின் தோள் எலும்பு ஜாக்கெட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது.

"ஒரு வாய் வாங்கு ஆத்தா. புள்ளக்கின்னு நெனச்சு முழுங்கு."

"முழுங்குறேன் அத்த. நெஞ்சுக்குள்ள நிக்க மாட்டேங்குதே."

"எனக்கு ஒரு வாடையும் தெரியலயே. ஒனக்கு மட்டும் எங்கேருந்துதான் வருதோ."

"நான் என்ன வேணும்னா சொல்றேன்? வாங்க மாமா, உக்காருங்க. நீங்களே சொல்லுங்க, வாடை வருதா இல்லையா?"

என்னைக் கேட்டாள். நான் தூணைப் பார்த்துக்கொண்டு, "லேசா வர்ற மாதிரிதான் இருக்கு" என்றேன். அவளுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. நாலு வாய் சாப்பிட்டாள். நான் செருப்பை மாட்டுவதற்குள் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் எடை போட்ட நர்சம்மா சீட்டை இரண்டு தடவை பார்த்ததாம். நாற்பத்தாறு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு வந்திருந்தாள். இன்னும் இறங்கினால் புள்ளைக்கு ஆகாது, வந்து படுத்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உதயன் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தான். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் கோபிநாத்திடம் போனான். கோபிநாத் நல்ல பையன்தான், ஆனால் எதற்கும் டப்பாவில் வைத்தியம் தேடுகிறவன். முந்தின வருஷம் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வாடை தாங்கவில்லை என்று வந்தபோது ஒரு கேன் ரோஸ் சென்ட் வாங்கி மெஷினின் புகைக் குழாய்க்குள் அடிக்க வைத்தான். கல்யாணப் பன்னீரைச் சாக்கடையில் கொட்டினது மாதிரி ஆகி, நாலு பேர் லீவு போட்டுப் போனார்கள்.

"சார், சென்ட் வேணாம் சார். ஒரு ஞாயித்துக்கெழம மெஷின நிப்பாட்டிக் குடுங்க. நானே பிரிச்சு மேயறேன்."

"வாடை அந்த மெஷினோட குணம்ணே. அது போகாது."

"குணமெல்லாம் இல்ல சார். ஷிப்டு முடியிறப்ப அடுப்பையும் பொகைய இழுக்குற பேனையும் சேத்து நிப்பாட்டுறோம்ல. உள்ள நிக்கிற பொகை எங்கிட்டுப் போகும்? குழாய்லயே படிஞ்சு தாரு மாதிரி ஒட்டிக்கிது. மழ ஈரம் பட்டா மறுபடி கெளம்புது. அடுப்ப அமத்திப்புட்டு பேன மட்டும் அரை மணி நேரம் ஓட விட்டா போதும் சார்."

"கரெண்டு பில்ல யாரு பாக்குறது?"

"எம் பொண்டாட்டி சோறு தின்னு ஒரு மாசமாச்சு சார்."

கோபிநாத் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிக் கொடுத்தான்.

அன்றைக்கு உதயன் செய்த வேலையை நான் என் கண்ணால் பார்த்தேன். பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கினான். ஈரம் கோத்து கருவாட்டு மூட்டை மாதிரி கனத்த பைகளைக் கழித்துவிட்டு ஸ்டோரில் இருந்த புதுப் பைகளை மாட்டினான். குழாய் வளைகிற இடத்தில் உடம்பை நுழைத்துப் படுத்துக்கொண்டு, உளியால் தாரைச் சுரண்டினான். பாளம் பாளமாக விழுந்தது. அடியில் மாவு மண் கொட்டுகிற இடத்துக் கதவு சரியாக மூடாமல் மழைத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது, அதற்கு ரப்பர் வைத்து அடைத்தான். மத்தியானம் நான் வாங்கிக் கொடுத்த பொட்டலச் சோற்றைக் கை கழுவாமல் நின்றபடியே தின்றான். பொழுது சாயும்போது வெறும் அடுப்பை மூட்டி, ஒரு மணி நேரம் காய விட்டு, அடுப்பை அமர்த்தி, பேனை மட்டும் ஓடவிட்டான்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தவர்கள் மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்தார்கள். வாடை இல்லை. கோபிநாத் குழாய்க்குள் தலையையே விட்டுப் பார்த்து, "அண்ணே, சாமி அறை மாதிரி இருக்குண்ணே" என்றான். ஒரு மாசம் கழித்து அன்றைக்குத்தான் உதயன் சிரித்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இலுப்பூர் கடைத்தெருவில் நிறுத்தி ஒரு கிலோ கொய்யா வாங்கினான்.

வாசலில் நின்று இரண்டு கையையும் அவள் முன்னால் நீட்டினான். "மோந்து பாரு."

திலகவதி அவன் கையை மோந்தாள். கழுத்தருகில் போய் மோந்தாள். மாமனார் முறைக்காரன் நிற்கிறேன் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"சோப்பு வாசம்தாங்க வருது" என்றாள்.

"பாத்தியா. தொலஞ்சது சனியன். இந்தா, கொய்யாவக் கடி."

அவள் ஒரு கடி கடித்தாள். மென்றாள். முழுங்கவும் செய்தாள். அப்புறம் மெதுவாக மூக்கைச் சுளித்து நடு வீட்டுக்குள் போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, முகத்தைத் தரை டைல்ஸ் கிட்டே கொண்டுபோனாள். மூலையில் இரண்டு டைல்ஸ் சேருகிற கோட்டில் மழை ஈரம் கருப்பாகக் கசிந்திருந்தது.

"ஏங்க," என்றாள். "உங்க மேல இல்லங்க. கீழேருந்து வருது."

உதயன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அந்த வீட்டின் அஸ்திவாரக் கட்டுக்குள்ளே ரொப்பிக் கிடப்பது கம்பெனி மண். ஆற்று மணலை இப்போதெல்லாம் கண்ணால் பார்க்க முடிகிறதா? கம்பெனி கழித்துப் போடுகிற கருப்பு மண்ணைத்தான் எங்கள் பக்கம் எல்லோரும் அள்ளிக்கொண்டு வந்து வீட்டு அடியில் போடுகிறார்கள், பாதி ஊர் அது மேல்தான் நிற்கிறது. அதெல்லாம் பழைய அச்சு மண், வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து காய்ந்தது. உதயன் வீடு கட்டும்போது, நம்ம பையனாச்சே என்று, நான் ஒரு தனி உபகாரம் செய்தேன். டிப்பர்க்காரனிடம் சொல்லி, பைக்கு அடியில் விழுகிற மாவு மண்ணாகப் பார்த்துப் பதினாலு லோடு அனுப்பினேன். நைசான மண், சந்து பொந்து இல்லாமல் இறுகும், தரை நூறு வருஷம் உட்காராது என்றேன்.

அன்றைக்கும் அவன் கேட்டான். ஒரு பிடி அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டி, "எனக்குத் தெரியல, நீங்க பாத்துச் சொல்லுங்க. வாடை வருமா சித்தப்பா?" என்றான். நான் மோந்து பார்த்தேன். "ஒண்ணும் வராது, அள்ளிப் போடு" என்றேன்.

மண் ரொப்பிய அன்றைக்குத் தண்ணீர் விட்டு, வீட்டு ஆட்கள் எல்லோரும் இறங்கி மிதித்தார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். குடியிருக்கப் போகிறவர்கள் காலால் மிதித்துதான் மண் இறுக வேண்டும். திலகவதி கொலுசைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, ஒரு பொழுதெல்லாம் மிதித்தாள். திறந்தவெளிக் காற்றில் வாடை என்று அவளும் அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்குச் சுண்டல் கொடுத்ததும் அவள்தான். பசையின் கழிவெல்லாம் அந்த மாவில்தான் சேருகிறது என்பது ரீக்ளைம் ஓட்டுகிறவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மெஷினில் இருக்கும்போது தெரியும். வீடு என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு இறுகுமா இறுகாதா என்பதுதான் கண்ணில் படுகிறது.

"கொத்திப்புடுவோம்," என்றான் உதயன். "நாளைக்கே ஆள் வரச் சொல்லி டைல்ஸப் பேத்து, பூராத்தையும் அள்ளிப்புடுவோம்."

இருளாயி மதினி அடுப்படியிலிருந்து வந்தது. "என்னத்தடா கொத்துவ? புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல செவுத்துல ஒரு ஆணி அடிப்பாகளா? தரையக் கொத்துறானாம்."

"அவ திங்காம செத்துருவா போலருக்கு, நீ ஆணியப் பேசுற."

"போன தடவ என்னாச்சு? அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுன அன்னைக்கித்தானடா கலஞ்சுச்சு. அவ வயித்துல இருந்தது தெரியாமத் தோண்டுனோம். இப்பத் தெரிஞ்சே தோண்டச் சொல்றியா? தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க இவனுக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மதினி, இந்தக் காலத்துல" என்று நான் ஆரம்பித்தேன்.

"மாமா, வேணாம்." திலகவதி தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள். சத்தம் போடவில்லை. "கடப்பாரை சத்தம் இந்த வீட்டுல கேக்கக் கூடாது. நான் வாந்தியே எடுத்துட்டுப் போறேன். இதுவும் போச்சுன்னா அடுத்து எனக்குத் தெம்பு இல்ல."

உதயன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கடித்த கொய்யா அவள் கையிலேயே இருந்தது. நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் அண்ணன் ஆவுடையப்பன் திருவரங்குளத்திலிருந்து கார் பிடித்து வந்து கூட்டிப்போனான். பிரசவம் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும், சித்திரையில் பிள்ளை பிறந்ததும் வைகாசியில் தரையைக் கொத்தி மண்ணை மாற்றிவிடலாம் என்று பேசி முடித்தார்கள். பதினாலு லோடையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று மட்டும் யாரும் பேசவில்லை.

அங்கே போன நாலாம் நாள் திலகவதி போன் பண்ணி, பழைய சோறு தின்றேன் என்று சொன்னாளாம். அதை உதயன் என்னிடம் வந்து மூன்று தடவை சொன்னான். அன்றையிலிருந்து அவன் வீட்டில் படுப்பதில்லை. பெண்டாட்டியைப் பார்க்கப் போகும்போது வீட்டு வாடையோடு போகக்கூடாதே. சட்டை துணிமணியெல்லாம் கம்பெனிக்குக் கொண்டுவந்து, ரீக்ளைம் மெஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுக்கிறான். இப்போது வாடையில்லாத இடம் அது ஒன்றுதான் என்றான். இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். "ஒதயா, எம்மேல ஒனக்குக் கோவம் இல்லையா?"

"எதுக்கு?"

"நான்தான அந்த மாவு மண்ண அனுப்புனேன்."

"நல்லதுக்குத்தான அனுப்புனீங்க. மோந்து பாத்துத்தான போட்டோம். அன்னைக்கி மண்ணு காஞ்சு கெடந்துச்சு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது." கண்ணாடித் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அன்றைக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கார்த்திகை வந்தது. புது வீட்டுக்கு முதல் கார்த்திகை, இருட்டாகப் போட்டுவிடாதீர்கள், வாசலில் வரிசையாக விளக்கு வையுங்கள் என்று திலகவதி போனில் சொல்லியிருந்தாள். உதயன் போய் விளக்கேற்றிவிட்டு, உள்ளே கால் வைக்காமல் திரும்பி வந்தான். அந்த வீட்டிலேயே இருக்கிற இருளாயி மதினி மருமகளுக்கென்று பொரியை வெல்லப் பாகில் போட்டு உருட்டி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வைத்திருந்தது. புது வீட்டுத் தலைக் கார்த்திகைப் பொரி, புள்ளத்தாச்சி வாயில் படாமல் இருக்கக் கூடாது என்று அதற்கு ஒரே பிடிவாதம்.

மறுநாள் ஞாயிறு. அவன் கம்பெனிக் குழாயில் ஒன்றுக்கு இரண்டு தடவை குளித்து, அங்கே துவைத்து அங்கேயே காயப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். என்னையும் வரச் சொன்னான். புதுக்கோட்டை தாண்டி திருவரங்குளம் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

திலகவதி முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கையில் அண்ணி போட்டுவிட்ட கண்ணாடி வளையல். "வாங்க மாமா" என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். உதயன் வாசலிலேயே நின்றான்.

"ஏன் அங்கிட்டே நிக்கிறீங்க? இங்கிட்டு வாங்க."

"வரவா?"

"வாங்கங்கிறேன்ல."

கிட்டே போனான். அவள் மோந்து பார்க்கிற மாதிரி கூடக் காட்டிக்கொள்ளவில்லை, இயல்பாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது என்றாள். வயிற்றில் மீன் துள்ளுகிற மாதிரி ஏதோ துள்ளுகிறது, அதுதானா இல்லை வாயுவா தெரியவில்லை என்றாள். அதுதான், அதுதான் என்று அவன் சொன்னான். நான் ஆவுடையப்பனோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

"அம்மா பொரி உருண்டை குடுத்து விட்டுச்சு" என்று அவன் டப்பாவைத் திறந்தான்.

அவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு சிரித்தாள். ஒரு உருண்டையை எடுத்து, பாதி கடித்து, மென்று முழுங்கினாள். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்குங்க. அத்தகிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"இன்னொண்ணு எடு."

"இந்தா வர்றேன்" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். நிதானமாகத்தான் நடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தத்தையும் மீறி மற்றச் சத்தமும் கேட்டது. அவள் அண்ணி ஓடினாள். உதயன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

திரும்பும்போது திருவரங்குளம் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினான். டப்பாவைத் திறந்து ஒரு உருண்டையை என் முன்னால் நீட்டினான்.

"சித்தப்பா, மோந்து பாருங்க. அந்த வீட்டுல வச்சு உருட்டுனதுதான். இதுல வாடை ஏறியிருக்கா? இல்ல, அவளுக்கே அது உள்ளுக்குள்ள ஒட்டிப்போச்சா?"

வாங்கி மூக்கருகில் வைத்தேன். வெல்லம்கூட எனக்குத் தெரியவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாடை இல்லை என்று சொன்னால், வைகாசியில் தரையைக் கொத்தினாலும் போகாத இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குக் கடப்பாரை கிடையாது.

"வருதுடா," என்றேன். "நல்லாவே வருது. மாவு மண்ணு வாடைதான்."

அவன் பெருமூச்சு விட்டான். "அப்பச் சரி. வைகாசில எல்லாத்தையும் அள்ளிப்புடலாம்" என்று சொல்லி, டப்பாவைக் கண்மாய்ப் பக்கம் கவிழ்த்துத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.